எண்ணிக்கையில் வராத ஓட்டு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால், பன்னிரண்டு ஜூரர்களில் பத்துப் பேர் கை தூக்கினால் போதும் என்று எண்பத்தாறு வருடம் சட்டம் இருந்தது. முதல்தரக் கொலைக்கு மட்டும் பன்னிரண்டு பேரும் வேண்டும். மற்றதற்கெல்லாம் பத்து. எந்தக் காலத்திலோ ஒரு வழக்கில் ஒரே ஒரு ஜூரர் முரண்டு பிடித்தார் என்று ஊரே கொதித்துப்போய்க் கொண்டுவந்த சட்டம் அது. மீதி இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தலாம், மேசையைக் குத்தலாம், மூக்கைச் சிந்தி அழலாம். மதியம் அவர்களுக்கும் அதே சாண்ட்விச் கிடைக்கும். அதோடு சரி.

அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தவள் ஐலா ரந்தாலா. மார்ல் பே துறைமுகத்து நண்டு ஆலையில் சதை உதிர்க்கும் மேசையில் வேலை. வேகவைத்த நண்டின் காலை ஒடித்து, தட்டின் விளிம்பில் ஒரே போடு போட்டால் சதை முழுசாக வெளியே விழ வேண்டும். அதில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது. பேச்சில்தான் அந்த வேகம் இல்லை. எதையும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் சொல்ல வருவாள். சட்டுபுட்டென்று முடிவெடுப்பவர்களுக்கு அவள் வாயைத் திறந்தாலே கொட்டாவி வந்துவிடும்.

2012 பிப்ரவரியில் டன்மோர் கவுண்டி நீதிமன்றத்தில் அவளை ஜூரியாக உட்கார வைத்தார்கள். எதிரே தன் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ரோரி ஹஸ்கின்ஸ். இருபத்து நான்கு வயது, நண்டுப் படகில் வேலை. முந்தின டிசம்பரில் ஒரு விடியற்காலை, தூண்டில் கடைக்காரர் ஒருவரை யாரோ அடித்து மண்டையை உடைத்து, கைகளை மெல்லிய தூண்டில் நரம்பால் கட்டிப்போட்டுவிட்டுக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போயிருந்தான். கடைக்காரர் கண்ணில் பட்டது ஒரு ஆரஞ்சு நிற மழைச்சட்டை மட்டும். எதிர்வீட்டு அம்மாள் மூடுபனிக்குள் பார்த்தது அதே மழைச்சட்டையையும் ஒரு நடையையும். அந்த நடை ரோரியுடையதுதான் என்று அந்த அம்மாள் சத்தியம் செய்தாள். டிசம்பர் மாதத்தில் மார்ல் பேயில் ஆரஞ்சு மழைச்சட்டை போடாத ஆம்பிளையை வலைபோட்டுத்தான் தேட வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால் ரோரி அந்தக் கடைக்காரரோடு நடுத்தெருவில் சண்டை போட்டிருந்தான். ஊர் பார்த்திருந்தது, ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அரசு தரப்பு காட்டிய படங்களில் ஐலா திரும்பத் திரும்பப் பார்த்தது கடைக்காரரின் மணிக்கட்டைத்தான். கடுகு கடுகாக ஏழு முடிச்சுகள். ஜூரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவள் ஆரம்பித்தாள்.

"நண்டு சீசன் ரெண்டாவது வாரம்ங்க அது. படகுல போறவன் கை அப்ப எப்படி இருக்கும்னு யாருக்காவது தெரியுமா? வீங்கிப்போய் விரலே மடங்காது. என் வீட்டுக்காரர் உசுரோட இருந்தவரைக்கும் டிசம்பர் மாசம் பூரா நான்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். காப்பி கப்பை ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிப்பாரு மனுஷன். இந்தப் பையன் முதல்நாள் சாயங்காலம்தான் கடல்லேர்ந்து கரைக்கு வந்திருக்கான். அந்தக் கையை வெச்சுக்கிட்டு இந்த நரம்புல ஏழு முடிச்சுப் போடறதுன்னா..."

"ஐலா, கண்ணு, மூணு தரம் சொல்லிட்டே" என்றார் வேட் டாலிவர்.

வேட் அந்த ஊர் ஹார்டுவேர் கடைக்காரர். வருடா வருடம் தீயணைப்பு நிலையத்துக்காக நடக்கும் நண்டு விருந்தில் ஏலம் விடுபவரும் அவரே. எண்ணுவதில் புலி. மைதானத்தின் கடைசி மூலையில் ஒருவன் மூக்கைச் சொறியக் கை தூக்கினால்கூட அவன் தலையில் ஒரு கேக்கைக் கட்டிவிடுவார். ஜூரிக்குத் தலைவராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

"சரி, குற்றவாளின்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு, எட்டு... ஒம்போது... பத்து! முடிஞ்சுது!"

ஐலா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். வேட் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த மணியை அழுத்திவிட்டார். நீதிமன்றக் காவலர் கதவைத் திறந்துவிட்டார். அவள் வாக்கியம் நடுவழியில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பெர்ட் ஏம்ஸ், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மேசைமேல் வைத்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவரும் கை தூக்கவில்லை.

வெளியே வந்ததும் அன்றைய நீதிபதி வேட்டிடம் கேட்டார்: "குறைந்தது பத்துப் பேராவது இந்தத் தீர்ப்புக்கு உடன்பட்டார்களா?" வேட், "ஆமாம்" என்றார். இந்தக் கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் எழுந்து, ஜூரர்களை ஒவ்வொருவராகக் கேளுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள். பதில் பதிவாகும். சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ரோரியின் வக்கீலுக்கு மதியம் வேறு வழக்கு இருந்தது, காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார். பத்து என்றால் பத்துதானே அந்தக் காலத்தில்.

ரோரிக்குப் பதினைந்து வருடம். ஒருநாள்கூடக் குறையாத பதினைந்து.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே ஆலைக்குப் புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தாள். மேற்பார்வையாளர் அவளை ஐலாவுக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டுப் போனார். லோரெட்டா ஹஸ்கின்ஸ், ரோரியின் அம்மா. மகனின் சம்பளம் நின்றுபோனதால் வந்தவள். ஐலா அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என்பது ஊரறிந்த விஷயம். முதல்நாள் லோரெட்டா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்த மேசையின் குறுக்கே ஒரு வார்த்தை வரவில்லை. தட்டு நிறைந்தால் எதிரே இருப்பவளிடம் நகர்த்த வேண்டும், லோரெட்டா நகர்த்துவாள். நண்டுக்கால்கள் சிதறும்படி நகர்த்துவாள்.

சொல்லியிருக்கலாம். 'நான் இல்லைன்னுதான் சொன்னேன் லோரெட்டா' என்று ஒரே வாக்கியம். ஐலாவின் நாக்கு நுனிவரை ஆயிரம் தடவை வந்திருக்கும். ஆனால் சொன்னால் அது எப்படி இருக்கும்? நான் நல்லவள், மற்றவர்கள்தான் கெட்டவர்கள் என்று தப்பித்துக்கொள்வதுபோல இருக்கும். பையன் உள்ளே இருக்கிறான். அவள் 'இல்லை'யால் அவனுக்கு ஒரு மணிநேரம்கூடக் குறையவில்லை. எதற்கும் உதவாத ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் ஒரு தாயிடம் எப்படி நீட்டுவது? அவள் நண்டை ஒடித்தாள், தட்டினாள், வாயை மூடிக்கொண்டாள். போகப்போக, தான் நினைத்ததுதான் தப்போ என்ற சந்தேகமும் வந்தது. பத்துப் பேருக்குத் தெரியாதது எனக்கென்ன தெரிந்துவிட்டது என்று கழிவறைக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்வாள்.

2020இல் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம், பத்துப் பேர் தீர்ப்பு செல்லாது, பன்னிரண்டு பேரும் ஒரே மனதாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது இனிமேல் வரும் வழக்குகளுக்கு, பழையதைக் கிளறவேண்டாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். 2022 முடியும் தறுவாயில் ஆரிகனின் சொந்த உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் திறந்துவிட்டது. பழைய வழக்கானாலும் பத்துப் பேர் தீர்ப்பு தீர்ப்பே அல்ல. ஐலா இதை ஆலையின் ஓய்வறைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். தன்னை யாரும் தேடி வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தேடி வந்தவள் ஹனா ஓகாம்போ. சின்னப் பெண், பெரிய பை, சேற்றில் கால்வைக்கத் தெரியாத செருப்பு. ஆலையின் பின்கதவில் இடைவேளைக்குக் காத்திருந்தாள்.

"ஐலா ரந்தாலா நீங்கதானே? நான் ரோரி ஹஸ்கின்ஸோட வக்கீல்."

"திட்டறதுன்னா சீக்கிரம் திட்டிட்டுப் போம்மா. பத்து நிமிஷம்தான் இடைவேளை."

"திட்ட வரல. ஒரே ஒரு கேள்விதான். அன்னிக்கு நீங்க என்ன ஓட்டுப் போட்டீங்க?"

ஐலா கையில் இருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"இல்லைன்னு போட்டேன்."

ஹனா கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசமா ஒவ்வொருத்தரா தேடிப் போயிட்டிருக்கேன். எல்லாரும் ஞாபகமில்லை, ஞாபகமில்லைன்னே சொல்றாங்க. கோர்ட்டுப் பதிவுல 'குறைஞ்சது பத்து'ன்னுதான் இருக்கு. பன்னண்டு பேரும் சேர்ந்து சொன்னதா இருந்தா ரோரிக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தராவது மாட்டேன்னு சொன்னாங்கன்னு நான் நிரூபிக்கணும். உங்களோட வேற யாராவது...?"

"பெர்ட் ஏம்ஸ். செத்துப்போயி நாலு வருஷமாச்சு."

"அப்ப நீங்க ஒருத்தர்தான். கோர்ட்டுக்கு வந்து சொல்லுவீங்களா?"

"சொன்னா நம்புவாங்களா? அன்னிக்கே யாரும் காதுல போட்டுக்கல."

"தெரியலீங்க" என்றாள் ஹனா. நல்ல பெண், பொய் சொல்லவில்லை. "ஆனா உங்க ஓட்டு இல்லைன்னா இந்த வழக்கே இல்ல. ரோரி அம்மாகிட்ட இதைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்! சொல்லிட்டு, அங்க ஜட்ஜ் நம்பலைன்னா? அவ ஒரு தடவை செத்தது போதும்."

அடுத்த வாரம் ஐலா குழாய்க்கு வாஷர் வாங்க வேட்டின் கடைக்குப் போனாள். வேட்டுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது, குரல் மட்டும் இன்னும் மைதானத்துக்குப் போதும்.

"என்ன ஐலா, உனக்கும் சம்மன் வந்திருக்காமே?"

"வந்துச்சு."

"நான் அந்த வக்கீல் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரிதான் ஞாபகம்னு. நீயும் ஞாபகமில்லைன்னு சொல்லிட்டு வந்துடேன். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல அவன் தானா வெளிய வரப்போறான்."

"ரெண்டு வருஷம்னா உனக்கு ரெண்டு கிறிஸ்துமஸ், வேட். உள்ள கிடக்கறவனுக்கு அது என்னன்னு அவனைத்தான் கேக்கணும்."

"நீ மாறவே இல்ல தாயீ. அன்னிக்கும் உன்னாலதான் எல்லாரும் வீடு போய்ச் சேர லேட்டாச்சு."

"லேட்டானது உங்களுக்கு ஒரு மணி நேரம்" என்றாள் ஐலா. வாழ்க்கையில் அவள் சுற்றி வளைக்காமல் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வேட் வாஷரைப் பொட்டலத்தில் போட்டு, தலை நிமிராமல் நீட்டினார்.

2024 ஏப்ரலில் விசாரணை. சாட்சிகள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள் என்பதால், சிறை இருக்கும் ஊரில் போட்ட வழக்கை டன்மோர் கவுண்டிக்கே மாற்றியிருந்தார்கள். நீதிபதி மெரெடித் ஸ்லோன் புதியவர், அறுபதை நெருங்கியவர், மூக்குநுனியில் கண்ணாடி. ஜூரி கிடையாது, முடிவு அவர் ஒருவருடையது. சுவரில் ஒரு பெரிய திரை. அதில், சிறையின் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தான் ரோரி. காதோரம் நரைத்திருந்தது. முதல் வரிசையில் லோரெட்டா, சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டில். ஐலா சாட்சிகளோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் போன இடம் தெரியவில்லை. மிச்சம் ஆறு பேர் வந்திருந்தார்கள்.

அரசு வக்கீல் ஒல்லியான, மரியாதையான மனிதர். எடுத்த எடுப்பிலேயே குறுக்கே விழுந்தார். "யுவர் ஆனர், ஜூரி அறைக்குள்ள நடந்தது ரகசியம். அதை வெளிய இழுத்தா நாளைக்கு ஒரு ஜூரரும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க. யார் என்ன பேசினாங்க, யார் யாரை மாத்தினாங்கன்னு இங்க கேக்கவே கூடாது."

அவ்வளவுதான், இந்தத் தடவையும் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மணி அடித்துவிட்டார்கள் என்று ஐலா நினைத்தாள்.

நீதிபதி ஸ்லோன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றது சரிதான். உள்ள என்ன பேசினாங்கன்னு நான் கேக்கப்போறதில்ல. ஆனா இந்தக் கோர்ட்டுல, எல்லார் முன்னாலயும் அன்னிக்குக் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு. 'இது உங்க தீர்ப்பா?'ங்கற கேள்வி. அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. வக்கீல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பாங்க. சொல்லல, கேக்கல. பன்னண்டு வருஷம் லேட். இப்ப கேக்கறேன். ஒவ்வொருத்தரா எழுந்திருங்க."

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு. ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். பல் மருத்துவரின் மனைவி, "ஆமாம், என் தீர்ப்புதான்" என்றாள். அடுத்தவர், "ஆமாம்." அடுத்தவர், "ஆமாம்னுதான் நினைக்கறேன்." அடுத்தவர், "ஆமாம்." நாலு ஆமாம் விழுந்துவிட்டன. லோரெட்டா ஒவ்வொன்றுக்கும் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"ஐலா ரந்தாலா. 2012இல் சொன்ன குற்றவாளிங்கற தீர்ப்பு, உங்க தீர்ப்பா?"

எத்தனையோ இரவு தூக்கமில்லாமல் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் ஐலாவுக்கு மறந்துபோனது. வீங்கிய கை, பொத்தான், ஏழு முடிச்சு எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல்.

"இல்ல."

முதல் வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. ஐலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அரசு வக்கீல் எழுந்து அவள் பக்கம் வந்தார். "மிஸஸ் ரந்தாலா, நீங்க ரோரியோட அம்மாவுக்கு எதிர்ல நின்னு பன்னண்டு வருஷம் வேலை பார்க்கறீங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"தினமும் அவங்க முகத்தைப் பார்க்கறீங்க. பாவமா இருக்கும். அந்தப் பாவத்துல இன்னிக்கு இல்லைன்னு சொல்லத் தோணுதோ?"

"பாவம் தினம்தாங்க. ஓட்டு ஒரு நாள்தான்."

"அப்படின்னா அன்னிக்கே ஏன் சொல்லல? தீர்ப்பை வாசிச்சப்போ இதே கோர்ட்டுல பேசாமத்தானே உட்கார்ந்திருந்தீங்க?"

"யாரும் கேக்கல." ஐலா வேட்டின் பக்கம் திரும்பினாள். "வேட்டைத்தான் கேட்டாங்க. குறைஞ்சது பத்துப் பேரான்னு. அவரு ஆமாம்னாரு. அது நிஜந்தாங்க, அவரு பொய் சொல்லல. அவரை யாரும் தப்பா எழுதிடாதீங்க. அவரு எண்ணினதுல நான் இல்ல, அவ்வளவுதான்."

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கைகளை விரித்தார். ஆறு பேரில் ஒருத்தி, அதுவும் பாசத்தில் இளகிப்போனவள், பன்னிரண்டு வருடம் கழித்துச் சொல்கிறாள் என்பதற்கு எத்தனை மதிப்பு என்று அவர் முகமே கேட்டது. ஐலாவுக்கும் அது புரிந்தது. அவள் வார்த்தை மட்டும் போதாது.

"வேட் டாலிவர்" என்றார் நீதிபதி. "இது உங்க தீர்ப்பா?"

"ஆமாங்க. என் தீர்ப்புதான்."

"ஜூரித் தலைவரா அன்னிக்கு 'குறைஞ்சது பத்து'ன்னு இந்தக் கோர்ட்டுக்குப் பதில் சொன்னீங்க. அந்தப் பதிலை மட்டும் இன்னும் சரியாச் சொல்லுங்க. எத்தனை பேர்?"

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி மறுத்தார். வேட் தொண்டையைச் செருமினார். மைதானத்தின் கடைசி மூலைக்கும் கேட்கும் குரல் அன்று முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எல்லாரும்னுதான் ஞாபகம்னு வக்கீலம்மாகிட்ட சொல்லியிருந்தேன்" என்றார். பக்கத்தில் நின்ற ஐலாவை ஒருமுறை பார்த்தார். "இவ வந்து எனக்காகப் பேசறா. நான் பொய் சொல்லலையாம்." தலையை ஆட்டிக்கொண்டார். "பத்துங்க. சரியாப் பத்து. பதினொண்ணுக்கு நான் காத்திருக்கவே இல்ல. நாற்பது வருஷமா ஏலம் விடறவன். வேண்டிய எண்ணிக்கை வந்துட்டா முடிச்சுடறது என் கைப்பழக்கம். ரெண்டு கை தூக்கல. ஒண்ணு பெர்ட் ஏம்ஸோடது. இன்னொண்ணு இவளோடது. என்னால சத்தியம் பண்ண முடியும். நான் மணியை அழுத்தினப்போகூட இவ..."

"உள்ள பேசினது வேண்டாம், மிஸ்டர் டாலிவர்" என்றார் நீதிபதி. "எண்ணிக்கை போதும்."

அரசு வக்கீல் எழவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். தோற்றாலும் கௌரவமாகத் தோற்கத் தெரிந்த மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீதிபதி ஸ்லோன் ஒத்திவைக்கவில்லை, அங்கேயே சொன்னார். "இரண்டு பேர் உடன்படாத தீர்ப்பு இந்த மாநிலத்தில் தீர்ப்பு அல்ல. ரோரி ஹஸ்கின்ஸ்மீது சொல்லப்பட்ட தீர்ப்பை இந்த நீதிமன்றம் ரத்து செய்கிறது. அரசு விரும்பினால் மறுபடி வழக்கு நடத்தலாம். ஆனால் இந்தத் தடவை பன்னிரண்டு பேரையும் நம்பவைக்க வேண்டும்."

மறுபடி யாரும் நடத்தவில்லை. எதிர்வீட்டு அம்மாளிடம் புதிதாகக் கேட்டபோது, அந்தப் பனியில் நடை தெரிந்ததா என்று தனக்கே இப்போது நிச்சயமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். ஜூன் மாதம் ரோரி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அது பின்னால் நடந்தது. அன்று அந்த அறையில் யாருக்கும் அடுத்த நிமிடத்துக்கு மேல் யோசிக்க முடியவில்லை. ஹனா மேசைமேல் தலையைக் கவிழ்த்து வெட்கமில்லாமல் அழுதாள். பின்வரிசையில் நண்டு ஆலையிலிருந்து வந்த நாலு பெண்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். நீதிபதி சுத்தியலை எடுத்தார், யோசித்தார், தட்டாமலே கீழே வைத்துவிட்டார்.

லோரெட்டா எழுந்தாள். தடுப்புக் கட்டையைத் தள்ளிக்கொண்டு நேராக ஐலாவை நோக்கி வந்தாள். அந்த நடையைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறாள் என்று நீதிமன்றக் காவலர்கூட ஒரு அடி முன்னால் வைத்தார். ஐலா அசையாமல் நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

"பன்னண்டு வருஷம்" என்றாள் லோரெட்டா. பேசிப் பழகாத ஆளிடம் பேசுவதால் குரல் கரகரத்தது. "பன்னண்டு வருஷம் இதை வாயில வெச்சுக்கிட்டு என் எதிர்ல நின்னியா? ஏன்டி சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போவுது லோரெட்டா? எண்ணிக்கையிலயே வராத ஓட்டு."

"எனக்கு வந்திருக்கும்டி!" லோரெட்டா அவள் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். "இந்த ஊர்ல ஒருத்தி, ஒரே ஒருத்தி, என் புள்ளையை நம்பினான்னு தெரிஞ்சிருந்தா நான் அதை வெச்சே பொழைச்சிருப்பேன்டி, பாவி!"

ஐலா அழுதுவிட்டாள். லோரெட்டா அழவில்லை, சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, கன்னம் நனைய, வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்த சிரிப்பு. ஐலாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துத் தரதரவென்று திரைக்கு முன்னால் இழுத்துப்போனாள். எழுத்தர் இணைப்பைத் துண்டிக்கப் போனார். "விடுங்க, இருக்கட்டும்" என்றார் நீதிபதி.

"ரோரி! இவதான்டா. அன்னிக்கு மாட்டேன்னவ இவதான்."

திரையில் ரோரி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். கேமரா தாழ்வாக இருந்ததால் அவன் தலை திரைக்கு வெளியே போய்விட்டது. சட்டைப் பொத்தானும் தொங்கவிட்ட கைகளும்தான் தெரிந்தன.

"டேய், எங்க போற? உட்காருடா, மூஞ்சி தெரியல!" என்றாள் லோரெட்டா.

"உட்காரக் கூடாதும்மா" என்றது தலையில்லாத குரல். "ஜூரி வர்றப்போ எழுந்து நிக்கணும்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் காவலர் பழக்கத்தில் விறைப்பாகிவிட்டார். ஹனா எழுந்தாள். அரசு வக்கீல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். நண்டு ஆலைப் பெண்கள், பல் மருத்துவரின் மனைவி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்ட வேட் டாலிவர் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் மேலே நீதிபதியின் இருக்கையிலிருந்து கேட்டது. ஐலா யாருக்காக எல்லாரும் எழுகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் வரவில்லை.